குடியாத்தம் பக்கம் அரசுப் பள்ளி மாணவிகளுக்குக் கல்லூரி மாணவிகள் துணை நிற்கும் ‘வழிகாட்டி அக்கா’ திட்டம் தொடங்க என்ன செய்ய வேண்டும்?

20 கல்லூரி மாணவிகள், 100 பிளஸ் டூ பிள்ளைகள், மாதம் ஒரு கூட்டம் என்று கணக்குப் போட்டிருக்கிறீர்கள். ஒரு அக்காவுக்கு ஐந்து பேர் தாங்காது, மூன்று போதும். பிளஸ் டூவில் தொடங்குவதும் தாமதம். ஒன்பதாம் வகுப்பிலேயே பிடியுங்கள். 1918-இல் அமெரிக்க மருத்துவர் ஐடா ஸ்கடர் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி தொடங்கிய ஊர் நம் மாவட்டத் தலைநகர் வேலூர்; இங்கே எந்த வகுப்பில் கேட்டாலும் ‘நர்ஸ் ஆகணும்’ என்று நாலு கை தூக்கும். ஆனால் பதினொன்றில் உயிரியல் இல்லாத குரூப்பில் சேர்ந்துவிட்டால் பி.எஸ்சி. நர்சிங் கதவு சாத்திக்கொள்ளும். இதைப் பத்தாம் வகுப்பு ரிசல்ட்டுக்கு முன்பே சொல்ல ஆள் வேண்டும்.

பிள்ளைகள் படிப்பை விட்டு அதிகம் நழுவுவது லீவில்தான். ‘சும்மாதானே கீறா, ரெண்டு மாசம் ஷூ கம்பெனிக்குப் போய்ட்டு வரட்டும்’ என்பார்கள் வீட்டில். முதல் சம்பளம் வந்ததும் வீட்டின் மகளிர் குழுக் கடன் தவணை அந்தப் பிள்ளையின் தலையில் ஏறிவிடும், பிறகு இறக்குவது கஷ்டம். அதனால் ஏப்ரல் முதல் ஜூலை வரை வாரம் ஒருமுறையும், மற்ற மாதங்களில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறையும் சந்திப்பு வையுங்கள். சிக்கல் என்னவென்றால், அதே ஏப்ரல், மே மாதங்களில் உங்கள் அக்காக்களுக்கும் செமஸ்டர் தேர்வு. இருபதில் ஐந்தாறு பேராவது படிப்பை முடித்தவர்களாக இருக்கட்டும்.

பல வீடுகளில் ஒரே போன்தான், அதுவும் அண்ணன் கையில். தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் சந்தேகம் பிள்ளைமேல் விழும். முதலில் அக்கா நேரில் போய் அம்மாவைப் பார்த்து, அவர் கண்முன்னாலேயே எண்ணைப் பதிந்துவிட்டு வரவேண்டும். அம்மா பீடி சுற்றிக்கொண்டிருந்தால் எழுப்பாதீர்கள், பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள். அவரிடம் பீடித் தொழிலாளர் அட்டை இருக்கிறதா என்றும் கேளுங்கள். பிள்ளைகளுக்கான மத்திய அரசு உதவித்தொகைக்கு அது வேண்டும்.

அடுத்தது காகிதம். 2022-இல் வந்த புதுமைப் பெண் திட்டத்தில் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவளுக்கு மேற்படிப்பு முடியும் வரை மாதம் 1,000 ரூபாய் உண்டு. பணம் வராமல் போவது பெரும்பாலும் பெயராலும் வங்கியாலும். மார்க் ஷீட்டில் ‘எம். ரம்யா’, ஆதாரில் ‘ரம்யா முருகன்’ என்றிருந்தால் பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கும்போதே திருத்திவிடுங்கள். இரண்டு வங்கிக் கணக்கு இருந்தால் ஆதார் கடைசியாக எதில் இணைந்ததோ அதில்தான் பணம் விழும். ‘வரவே இல்ல’ என்று சொல்பவளின் பழைய பாஸ்புக்கையும் வாங்கிப் பாருங்கள்.

சந்திப்பைப் பள்ளி வளாகத்தில், ஒரு ஆசிரியை பார்வையில் நடத்துங்கள். யாருக்காவது கல்யாணப் பேச்சு என்று காதில் விழுந்தால் அக்கா தனியாகப் போய்ச் சமாதானம் பேசக்கூடாது. ஆசிரியையிடம் சொல்லி குழந்தைகள் உதவி எண் 1098-க்குத் தகவல் கொடுக்க வேண்டும்.

ரிசல்ட் அன்று தேறியவளுக்கு வாழ்த்துச் சொல்ல ஊரே இருக்கும். அக்கா முதலில் போக வேண்டியது ஒரு பாடத்தில் போனவள் வீட்டுக்கு. துணைத் தேர்வுக்கு விண்ணப்பிக்கக் கிடைப்பது சில நாள்கள்தான்.