மேலடுக்கைக் காட்டும் எலக்ட்ரான்

கேள்வி: படிகத்தை ஆராயத்தான் எக்ஸ் கதிர் இருக்கிறதே அண்ணாச்சி, அப்புறம் எதற்கு ஆற்றல் குறைந்த எலக்ட்ரான்?
- எம்.எஸ்சி. மாணவி, பாளையங்கோட்டை

பதில்: எக்ஸ் கதிர் ஆழமாக உள்ளே போய்விடும் தாயி, மேற்பரப்பின் சங்கதி அதில் அமுங்கிப் போகும். படிகத்தின் மேல் பாய்ச்சும் 20 முதல் 200 எலக்ட்ரான் வோல்ட் (ஆற்றலை அளக்கும் சிறு அலகு) வரை ஆற்றலுள்ள எலக்ட்ரான்களோ மேலே உள்ள சில அணு அடுக்குகளிலிருந்துதான் ஆற்றல் இழக்காமல் திரும்பும், அதனால் அவை திரும்பி வந்து மோதும் ஒளிர்திரையில் தெரியும் புள்ளிகள் அந்த அடுக்குகளின் வரிசையைத்தான் சொல்லும். சிலிக்கான் படிகத்தின் 111 முகத்தை (ஒரு குறிப்பிட்ட திசையில் வெட்டினால் கிடைக்கும் பரப்பு) வெற்றிடத்தில் நன்றாகச் சூடாக்கிச் சுத்தம் செய்தால், பெரிய புள்ளிகளுக்கு நடுவே ஏழில் ஒரு பங்கு இடைவெளியில் குட்டிப் புள்ளிகள் வரும். உள்ளே இல்லாத புது வரிசையில் மேலணுக்கள் உட்கார்ந்திருக்கின்றன என்று அர்த்தம். என்ன அழகு! ஆனால் வெற்றிடத்தில் கஞ்சத்தனம் கூடாது. காற்றழுத்தத்தில் நூறு கோடியில் ஒரு பங்கு மிச்சமிருந்தாலே, ஓரிரு நொடியில் வாயு ஓர் அடுக்காகப் படிந்துவிடும்.