முதிரைக் கதவு – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணை,

நான் கிளிநொச்சி. ஐந்தாறு பொடியன்கள் சேர்ந்து ஒரு வட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். முகநூலில் சைவத்தைக் கேவலப்படுத்தி எழுதுகிறவர்களுக்குப் பதில் போடுவதுதான் வேலை. எங்கள் புராணத்திலிருந்து ஒரு வரியைப் பிடுங்கிப் போட்டுச் சிரிக்கிறார்கள். அவர்களுடைய வேதத்திலிருந்து நாங்கள் ஒரு வரி போட்டால் "சூழலோடு வாசி" என்கிறார்கள். ஒருவரையும் தள்ளிவைக்காத, ஒருவருக்கும் தீங்கு செய்யாத மதம் எங்களுடையது. இந்த இரட்டை நாக்குக்காரர்களின் வாயை ஒரேயடியாக அடைக்கிற மாதிரி ஒரு கேள்வி சொல்லித் தாருங்கள். பதினொரு ஸ்கிரீன்சொட் இணைத்திருக்கிறேன்.

க.

அன்புள்ள தம்பி,

பதினொன்றையும் பார்த்தேன். விடிய இரண்டரை மணிக்குப் போட்ட பதில்கூட ஒன்று இருக்கிறது. முதலில் நேரத்துக்கு நித்திரை கொள்ளுங்கள். உங்கள் கோபம் எனக்கு விளங்குகிறது. சின்ன வயதிலிருந்து கும்பிடுகிற சாமியை முகம் தெரியாத ஒருவன் நக்கலடித்தால் நெஞ்சு கொதிக்கத்தான் செய்யும்.

புராணத்தில் என்ன இருக்கிறது, வேதாகமத்தில் என்ன இருக்கிறது, குர்ஆனில் என்ன இருக்கிறது என்ற சண்டைக்கு நான் வரவில்லை. அங்கே வாதாடுகிற ஒருவரும் அந்த நூல்களைத் திறந்து பார்த்த மாதிரித் தெரியவில்லை. யாரோ வெட்டி அனுப்பிய வரிகளை இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டிருக்கிறீர்கள். அதை விடுவோம்.

"ஒருவரையும் தள்ளிவைக்காத மதம்" என்று எழுதியிருக்கிறீர்களே, அதை வாசித்தபோது எனக்குக் கோபம் வந்தது. 1968-இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட சாதி மக்கள் போக முயன்றபோது வாசலில் மறித்து நின்றவர் யார் தெரியுமா? கணிதப் பேராசிரியராக இருந்தவர், எங்கள் வவுனியாத் தொகுதியின் முன்னாள் எம்பி, சுந்தரலிங்கம். படிப்பு இல்லாமலா மறித்தார்? இதைத் தெரியாமல் எழுதினீர்கள் என்றால் போய்ப் படியுங்கள். தெரிந்துகொண்டு எழுதினீர்கள் என்றால் மற்றவனை இரட்டை நாக்குக்காரன் என்று சொல்ல உங்களுக்கு வாய் இல்லை.

சரி, அந்தச் "சூழல்" விஷயத்துக்கு வருகிறேன். கொஞ்ச நாளாக இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன், உங்கள் கடிதம் வந்து சேர்ந்தது. மூன்றாவது ஸ்கிரீன்சொட்டில் அவர்கள் சூழல் என்கிறார்கள், நீங்கள் சிரிக்கிறீர்கள். ஏழாவதில் நீங்கள் சூழல் என்கிறீர்கள், அவர்கள் சிரிக்கிறார்கள். தன்னுடையதற்குச் சூழல், மற்றவனுடையதற்கு எழுத்து. இது நூலோடு நின்றால்கூடப் பரவாயில்லை. ஊர் வரலாற்றுக்கும் இதே கண்ணைத்தான் கொண்டுபோகிறீர்கள்.

2019 மார்ச்சில், சிவராத்திரிக்கு முதல் நாள், மன்னார் திருக்கேதீச்சரம் சிவன் கோயிலுக்குப் போகிற வழியில் நின்ற அலங்கார வளைவை ஒரு கத்தோலிக்கக் கூட்டம் பிடுங்கி எறிந்தது. அன்றிரவே முகநூலில் இரண்டு பக்கமும் நூற்றாண்டுகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஒரு பக்கம் போர்த்துக்கேயர் இடித்த கோயில். மறு பக்கம் 1544-இல் யாழ்ப்பாணத்துச் சங்கிலி மன்னன் மன்னாரில் கொன்ற கத்தோலிக்கர்கள். பிடுங்கியவர்கள் யார், ஏன் பிடுங்கினார்கள் என்று தங்கள் ஆட்களிடம் கேட்டவர்கள் சிலர்தான். நானும் அன்று கத்தோலிக்க நண்பர்களை வாய்க்கு வந்தபடி ஏசினேன். எங்கள் பக்கத்தைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை.

எங்களுக்கு நடப்பது அநியாயம் இல்லை என்று நான் சொல்லவில்லை. 2019 செப்டெம்பரில் இறந்த ஒரு பிக்குவின் உடலை, நீதிமன்றக் கட்டளையை மீறி, செம்மலை நீராவியடிப் பிள்ளையார் கோயில் கேணிக்குப் பக்கத்தில் எரித்தார்கள். குருந்தூர்மலையில் பௌத்த விகாரை கட்டக்கூடாது என்று முல்லைத்தீவு நீதிமன்றம் சொன்னது, கட்டினார்கள். வெடுக்குநாறிமலைச் சிவன் கோயிலில் 2023-இல் விக்கிரகங்களை உடைத்துப் போட்டார்கள். இதையெல்லாம் எழுதுங்கள், கத்தி எழுதுங்கள். ஆனால் 1544-ஐ நினைவில் வைத்திருக்கிற நாங்கள் 1990-க்கு மட்டும் ஏன் வாய் திறப்பதில்லை?

1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்த முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். 70,000 பேருக்கு மேல். பெரும்பாலானவர்கள் புத்தளம் போய்ச் சேர்ந்தார்கள். இது மதச் சண்டை இல்லை, அரசியல், அந்த நேரத்துச் சூழல் வேறு என்று சொல்வீர்கள். பாருங்கள், அதே சூழல்! அவர்கள் திரும்பி வந்து காணி கேட்டபோது "காட்டை அழிக்கிறார்கள்" என்று எங்கள் ஆட்களில் சிலர் எழுதினார்கள். அந்த நாள் வரைக்கும் காட்டைப் பற்றி அவர்கள் ஒரு வரி எழுதி நான் பார்த்ததில்லை.

எங்கள் ஊர் முள்ளியவளை. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கலுக்குக் கடல்நீரில் விளக்கெரிப்பார்களே, அந்த விளக்கு எங்கள் காட்டா விநாயகர் கோயிலில்தான் முதலில் எரியும். பக்கத்தில் நீராவிப்பிட்டி, முஸ்லிம் ஊர். அங்கே இருந்த ஒரு நானா பொங்கலுக்குப் பொங்கல் வற்றாப்பளையில் வளையல் கடை போடுவார். தங்கச்சிக்கு ஒரு சோடி சும்மா கொடுப்பார். அந்த ஒக்ரோபரில் அவர்களும் போனார்கள். எனக்கு வயது பதினைந்து. சில மாதத்தில் அந்த வீடுகளின் ஓடும் கதவும் நிலையும் விலைக்கு வந்தன. அப்பா நானா வீட்டு முதிரை மரக் கதவை நிலையோடு வாங்கினார். விறகு விலை. நிலையின் மேற்கட்டையில் ஒரு பிறை செதுக்கியிருந்தது. அப்பா உளியால் சீவிப் பார்த்தார், முழுதாகப் போகவில்லை. பள்ளத்தை மக்கு வைத்து அடைத்துப் பெயின்ற் அடித்தார். அம்மா ஒவ்வொரு பொங்கலுக்கும் அதன்மேல் மூன்று விரலால் திருநீறு பூசுவா. மாரி பிடித்தால் மக்கு உதிரும், பிறை தெரியும். அப்பா திரும்ப அடைப்பார். யாருடைய கதவு என்று வீட்டில் ஒருநாளும் நாங்கள் கதைத்ததில்லை.

2008 கடைசியில் சண்டை நெருங்க, அதைப் பூட்டிவிட்டு ஓடினோம். அப்பா வழியிலேயே செத்துப்போனார். 2010-இல் மெனிக் பாம் அகதி முகாமிலிருந்து திரும்பி வந்தால் சுவர் நிற்கிறது, ஓடும் இல்லை, கதவும் இல்லை. அம்மா வெறும் வாசலில் குந்தியிருந்து, "எங்கட கதவைக் கழட்டின பாவி நல்லா இருப்பானா" என்று மண்ணை வாரித் தூற்றி அழுதா. தம்பி, நான் பக்கத்தில்தான் நின்றேன். எனக்குக் கதவு யாருடையது என்று தெரியும், அம்மாவுக்கும் தெரியும். அந்த அழுகையில் பொய் இல்லை. உங்கள் ஸ்கிரீன்சொட்டுகளில் இருக்கிற அழுகையும் அதுதான்.

இரண்டு வருடம் கழித்து நானா தன் காணியைப் பார்க்க வந்தார். நல்லாய் வயது போயிருந்தது. எங்கள் வீட்டுக்கும் வந்தார். பிளாஸ்டிக் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்தார். வாசலில் தொங்கிய தகரத்தைப் பார்த்து, "உங்கட கதவையும் கழட்டிட்டானுகளா மகன்?" என்று கேட்டார்.

"ஓம் நானா" என்றேன். அம்மா குசினிக்குள் போனவ, அவர் எழும்பிப் போகும்வரை வெளியே வரவில்லை. அவருக்கு நான் இன்னும் சொல்லவில்லை.

வாயடைக்கிற கேள்வி என்னிடம் இல்லை. இந்தக் கதவுக் கதையை உங்கள் குழுவில் போடுங்கள். என் பெயரையும் ஊரையும் சேர்த்தே போடுங்கள்.

அன்புடன்,
அண்ணை