கப்பும் ‘படிவம் 3’-உம்

அன்புள்ள ஐயா,

பெங்களூரில் ஒரு கல்லூரியில் வணிகவியல் கற்பிக்கிறேன். எங்கள் கால்பந்து அணி இந்த ஆண்டு ஆடிய எல்லா டோர்னமென்டிலும் ஜெயித்து, கடைசியில் பல்கலைக்கழகக் கோப்பையையும் வாங்கிவிட்டது. பையன்களில் பெரும்பாலோர் கௌதம்புரா, ஆஸ்டின் டவுன், மர்பி டவுன் தமிழ்ப் பிள்ளைகள். நிர்வாகம் வாசலில் ஃப்ளெக்ஸ் வைத்திருக்கிறது. ஆனால் நாலு பேருக்கு அட்டெண்டன்ஸ் இல்லை, அரியர் வேறு. கோலி (கோல்கீப்பர்) இரவெல்லாம் உணவு டெலிவரிக்குப் போய்விட்டு முதல் பீரியடில் தூங்குகிறான். சக ஆசிரியர்களைக் கேட்டால், "ஆடத்தானே சீட் கொடுத்தோம், விடுங்க மேடம்" என்கிறார்கள். இந்த வெற்றிக்கு நான் சந்தோஷப்படுவதா?

ஆர்., பெங்களூரு

அன்புள்ள ஆர்.,

தாராளமாகச் சந்தோஷப்படுங்கள். பல்கலைக்கழகக் கோப்பை லேசில் வருவதில்லை. ஒரு மதியம் கால் சரியாக விழவில்லை என்றால் அந்த வருடமே போச்சு.

அடுத்த மேட்சுக்குப் போனால் பந்தைப் பார்க்காதீர்கள், பந்து வருவதற்கு முன் அந்தப் பையன்களின் காலைப் பாருங்கள். பேட்டை மைதானத்து மண்ணில் பந்து எந்தக் கல்லில் பட்டு எந்தப் பக்கம் எகிறும் என்று சொல்ல முடியாது. அங்கே ஆடி வளர்ந்தவனின் கால் எப்போதும் ஒரு நொடி முன்னதாகவே தயாராக நிற்கும். பந்து வந்ததும் உள்ளங்காலால் அமுக்கி, உடம்பைக் குறுக்கே போட்டு மறைத்துக்கொள்வான். இதை எந்த பி.டி. சாரும் மூன்று வருடத்தில் சொல்லிக்கொடுத்துவிட முடியாது. கௌதம்புராவில் பெலேவுக்குச் சிலை வைத்திருக்கிறார்கள், அதுவும் அம்பேத்கர், அன்னை தெரசா சிலைகளோடு. (நம் ஊர்ச் சிலைகளிலேயே எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான்.) உங்கள் கல்லூரி அறுவடை செய்தது அந்தப் பேட்டைகள் விதைத்ததை.

1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராக இந்தியா அடித்த ஒரே கோல் பெங்களூர் சாரங்கபாணி ராமனுடையது. இரண்டு பெனால்டிகளை வீணடித்து 2-1 என்று தோற்ற ஆட்டம் அது. 1962 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற அணியில் நம் அருமைநாயகம் இருந்தார். மாநில அணிகள் மோதும் சந்தோஷ் டிராபியை மைசூர் அணி (அப்போது நம் மாநிலத்தின் பெயர் அதுதான்) நாலு தடவை வென்றிருக்கிறது. அதில் கடைசி 1968-69. கர்நாடகம் என்ற பெயரில் அதை மறுபடி தூக்க 2023 மார்ச் வரை ஆனது. ரியாத்தில் மேகாலயாவை 3-2 என்று ஜெயித்தார்கள்.

பழம்பெருமை பேச இதைச் சொல்லவில்லை. அந்தத் தலைமுறை ஆட்டக்காரனுக்குக் கல்லூரி தேவைப்படவில்லை. நன்றாக ஆடினால் ஐ.டி.ஐ. (டெலிபோன் தொழிற்சாலை), எச்.ஏ.எல். (விமானத் தொழிற்சாலை) மாதிரி கம்பெனிகள் வேலையே கொடுத்துத் தங்கள் டீமில் சேர்த்துக்கொண்டன. காலையில் பிராக்டிஸ், அப்புறம் டியூட்டி, மாதம் பிறந்தால் சம்பளம். ஒரு பையனுடைய காலை நம்பி ஒரு குடும்பமே மேலே வந்துவிடும். அந்தக் கதவு இப்போது முக்கால்வாசி சாத்தியாயிற்று. மிச்சமிருக்கும் கால்வாசிக்கு டிகிரி வேண்டும். அதனால்தான் "ஆடத்தானே சீட்" என்ற பேச்சு எனக்கு எரிச்சலைக் கிளப்புகிறது.

உங்கள் சக ஆசிரியர்களுக்கு ஒன்றைச் சொல்லுங்கள். மத்திய அரசின் குரூப் சி வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு வழி இருக்கிறது. ஆனால் அங்கே கல்லூரிகளுக்குள் மோதி வாங்கிய இந்தக் கோப்பையை மட்டும் காட்டிப் பிரயோஜனமில்லை. அதற்கடுத்துப் பல்கலைக்கழக அணிக்குத் தேர்வாகி, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் ஆடியிருக்க வேண்டும். அப்படி ஆடியவனுக்குப் பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறைத் தலைமை கையெழுத்துப் போட்டுத் தருவதுதான் படிவம் 3. அந்தப் போட்டியில் இறங்கவே பையன் கல்லூரியில் படித்துக்கொண்டிருக்க வேண்டும், 25 வயதைத் தாண்டியிருக்கவும் கூடாது. அரியரில் மாட்டிப் பாதியில் நின்றுவிட்டானானால் ஆட்டமும் போயிற்று, படிவமும் போயிற்று. சீசன் முடிந்த கையோடு அந்தப் படிவத்தைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். நாலு வருடம் கழித்துப் போய் நின்றால் ஃபைலைத் தேடவே ஆள் இருக்க மாட்டார்.

ஆடப் போன நாட்களுக்கு அட்டெண்டன்ஸ் போடத் தயங்காதீர்கள். கல்லூரி வேலையாகத்தானே போனார்கள்? ஆனால் அட்டெண்டன்ஸ் போட்டதோடு கைகழுவிவிட்டால் அந்த "விடுங்க மேடம்" கோஷ்டிக்கும் உங்களுக்கும் வித்தியாசமில்லை. விட்டுப்போன காஸ்ட் அக்கவுண்டிங்கைப் பிராக்டிஸ் முடிந்ததும் அரை மணி நேரம் கேலரிப் படியிலேயே உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கலாம். வேர்வை நாற்றத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

கோலியை வகுப்பை விட்டு வெளியே அனுப்பாதீர்கள். அவன் டெலிவரியில் மாதம் என்ன சம்பாதிக்கிறான் என்று விசாரித்து, அதில் பாதியையாவது நிர்வாகம் கொடுக்குமா என்று கேளுங்கள். ஃப்ளெக்ஸுக்குப் பணம் இருந்ததல்லவா? தர மறுத்தால் பழைய மாணவர்களிடம் போங்கள். ஜெயித்த சூடு ஆறுவதற்குள் கேட்டால்தான் கிடைக்கும்.

பல்கலைக்கழக அணிக்கு யார் யார் தேர்வானார்கள் என்று எழுதுங்கள். பல்கலைக்கழகங்களின் தென்மண்டலப் போட்டி பக்கத்தில் எங்காவது நடந்தால் நானும் வருகிறேன்.