பின் சில்லைக் கழற்றியவர்களின் கேள்விகள்

மாரி மழைக்கு முன் பிறேக்கைப் பார்த்துவிடுவோம் என்று பழைய மோட்டார் சைக்கிளின் பின் சில்லைக் கழற்றிய வாசகர்கள் சிலர், திரும்பப் பூட்டும்போது எழுந்த சிக்கல்களை எழுதியிருக்கிறார்கள். கழற்றும்போது பாகங்கள் எந்த வரிசையில் வெளியே வந்தன என்பதைக் குறித்து வைக்காததே பாதிச் சிக்கல்களுக்குக் காரணம்.

கேள்வி: எனது ஹொண்டா சீடி 125 இன் பின் சில்லுக்கு இரண்டு பெயாரிங்குகளையும் புதிதாகப் போட்டேன். கையில் வைத்துச் சுழற்றினால் நன்றாகச் சுழலும் சில்லு, அக்சில் நட்டை இறுக்கியதும் இறுகிவிடுகிறது. கடையில் மட்டமான பெயாரிங்கைத் தந்துவிட்டார்களா? (களுவாஞ்சிகுடி)

பதில்: முதலில் பிறேக்கின் சரிசெய்யும் நட்டை முழுவதும் தளர்த்திவிட்டுச் சுழற்றிப் பாருங்கள். அப்போதும் இறுக்கம் இருந்தால், பெயாரிங்கைக் குறைசொல்வதற்கு முன், சில்லின் நடுப்பகுதியான ஹப்புக்குள் இருக்க வேண்டிய இடைக்குழாயைத் தேடுங்கள். இரண்டு பெயாரிங்குகளின் உள்வளையங்களுக்கும் நடுவே நின்று, அக்சில் நட்டின் இறுக்கத்தைத் தாங்கிக்கொள்வது அந்தக் குழாய்தான். அது விடுபட்டுப்போனாலோ, லேத்தில் கடைந்து போட்டது சற்றுக் குட்டையாக இருந்தாலோ, நட்டு இறுக இறுக உள்வளையங்கள் ஒன்றை நோக்கி ஒன்று இழுபட்டு, குண்டுகள் தடத்தின் ஓரத்தில் நசுங்கும். நீங்கள் சொல்லும் இறுக்கம் பெரும்பாலும் இதுதான்.

குழாய் சரியாக இருந்தும் இறுக்கம் வந்தால், அடித்து இறக்கிய முறையில் தவறு இருக்கலாம். ஒரு பெயாரிங்கை அதன் இருக்கையில் முற்றாக அமரச் செய்து, குழாயை வைத்து, மற்றதன் உள்வளையம் குழாயைத் தொட்ட கணத்தில் சுத்தியலை நிறுத்திவிட வேண்டும். குழாய் முன்பின்னாக ஆடாமலும், விரலால் சற்று அழுத்தித் தள்ளினால் பக்கவாட்டில் நகரும்படியும் இருந்தால் சரியாக அமைந்திருக்கிறது என்று கொள்ளலாம். அடி எப்போதும் வெளிவளையத்தில் மட்டுமே விழ வேண்டும். உள்வளையத்தில் அடித்தால் அந்த அதிர்ச்சி குண்டுகளின் வழியே சென்று தடத்தில் பள்ளம் விழுத்தும், புதுப் பெயாரிங் சில நாட்களிலேயே உறுமத் தொடங்கும். அலுமினிய ஹப்பைக் கொதிநீரால் சூடாக்கி நன்றாகத் துடைத்து, பெயாரிங்கை முன்னிரவே ஐஸ் அறையில் வைத்திருந்தால், அதிகம் அடிக்க வேண்டிய தேவையே இராது. வாங்கும்போது பழையதன் விளிம்பில் பொறித்த இலக்கத்தைப் பாருங்கள்: 6301 இன் உள்விட்டம் 12 மில்லிமீற்றர், வெளிவிட்டம் 37; 6302 இல் அவை 15, 42.

கேள்வி: நான் கல்முனையிலிருந்து மீன்பெட்டி கட்டி ஓடுபவன். பிறேக்கை மிதித்தால் பிடிக்கிறது, ஆனால் காலை எடுத்த பின்னும் விடுவதில்லை. ஸ்பிறிங் மாற்றியும் பயனில்லை.

பதில்: ஸ்பிறிங்கின் குற்றமல்ல. பெட்டியிலிருந்து வடியும் உப்பும் ஐஸ் தண்ணீரும் பிறேக் தட்டில் இறங்கி, சில்லோடு சுழலும் டிரம்மை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் பிறை வடிவத் துண்டுகளான சூக்களை விரிக்கும் கேம் தண்டைத் துருப்பிடிக்கச் செய்திருக்கும். தண்டின் வெளிமுனையில் இழுகம்பியோடு இணைந்திருக்கும் பிறேக் கையின் நிலையைத் தண்டில் அடையாளமிட்டுவிட்டுக் கழற்றி, தண்டையும் அது நுழையும் துளையையும் மண்ணெண்ணெய்யால் கழுவி, நுண்ணிய எமரித் தாளால் தேய்த்து, விரலால் திருப்பினாலே சுழலும் அளவுக்குக் கொண்டுவாருங்கள். பிறகு தண்டிலும் சூக்களின் முனைகள் தொடும் இடங்களிலும் மிக மெல்லிய பூச்சாக, சூடு தாங்கும் கிரீஸ் போதும். தாராளமாகப் பூசினால் அது உருகி, சூக்களின் மேல் ஒட்டிய உரசும் பட்டையான லைனிங்கில் ஊறும். ஊறிய லைனிங்கைப் பெற்றோலில் கழுவிக் காப்பாற்ற முயலாமல் மாற்றிவிடுவதே நல்லது. டிரம்முக்குள் இருக்கும் கரித்தூளை வாயாலோ காற்றுக் குழாயாலோ ஊத வேண்டாம். பழைய லைனிங்குகளில் அஸ்பெஸ்டஸ் கலந்திருந்ததால் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். பெட்டியின் வடிகுழாயைச் சில்லுக்கு வெளியே திருப்பிவிடாதவரை இந்த வேலை திரும்பத் திரும்ப வரும்.

கேள்வி: சூக்களைப் பூட்டும்போது ஸ்பிறிங் விரலைப் பதம் பார்க்கிறது. எளிய வழி உண்டா? (அக்கரைப்பற்று)

பதில்: தட்டில் ஒவ்வொன்றாக மாட்ட முயலாதீர்கள். இரண்டு சூக்களையும் ஸ்பிறிங்குகளால் முதலில் இணைத்து, திறந்த புத்தகத்தைக் கவிழ்த்ததுபோல் மடித்து, முனைகளை ஆணியிலும் கேமிலும் பொருத்திய பின் இரு பக்கத்தையும் சேர்த்துக் கீழே அழுத்துங்கள்.

கேள்வி: லைனிங் தேய்ந்துவிட்டது. பிறேக் கையை ஒரு பல் தள்ளிப் பூட்டினால் இன்னும் சில மாதம் ஓடலாம் என்கிறார் கராஜ்காரர். செய்யலாமா? (திருக்கோவில்)

பதில்: கூடாது. கைக்கும் தண்டுக்கும் தொழிற்சாலை இட்ட புள்ளிகள் நேருக்கு நேர் நிற்க வேண்டும். மிதிக்கும்போது கைக்கும் இழுகம்பிக்கும் இடையிலான கோணம் 90 பாகையைத் தாண்டினால் பிடிக்கும் வலு குறையத் தொடங்கும். அதுவே லைனிங் முடிந்தது என்று சொல்லும் அறிகுறி. கையைத் தள்ளிப் பூட்டுவது அந்த அறிகுறியை மறைக்கும். கேமோ மேலும் மேலும் திரும்பி, இறுதியில் சூக்களை விரித்தபடியே சிக்கிக்கொள்ளக்கூடும்.

கேள்வி: எல்லாம் பூட்டியாயிற்று. எதை முதலில் இறுக்குவது? (காத்தான்குடி)

பதில்: செயினை முதலில், பிறேக்கைப் பிறகு, சில்லு பின்னே நகர்ந்தால் பிறேக்கின் அளவும் மாறிவிடும். செயினை இறுக்கும் இடத்தில் உள்ள இரு பக்கக் கோடுகளும் ஒரே அளவில் நிற்கட்டும். அக்சில் நட்டை இறுதியாக இறுக்குமுன் ஒருவரைப் பிறேக்கை அழுத்தி மிதிக்கச் சொல்லுங்கள்; சூக்கள் தாமாகவே டிரம்மின் நடுவுக்கு வரும். செயின் பூட்டின் கிளிப்பில் மூடிய பக்கம் செயின் ஓடும் திசையை நோக்க வேண்டும். பிறேக் தட்டைச் சட்டத்தோடு பிணைக்கும் இரும்புப் பட்டையின் போல்ட்டை மட்டும் மறந்துவிடாதீர்கள்: அது இல்லாவிட்டால் முதல் மிதியிலேயே தட்டு சில்லோடு சேர்ந்து சுழன்று, இழுகம்பியை முறுக்கிச் சில்லை அப்படியே பூட்டிவிடும். அது கழலாமல் தடுக்கும் ஸ்பிளிட் பின்னைப் புதிதாகவே போடுங்கள். கல்லடிப் பாலத்து நெரிசலுக்குள் போகுமுன், ஆளில்லாத ஒழுங்கையில் மெதுவாக ஓட்டி இரண்டு மூன்று தடவை மிதித்துப் பார்த்துவிட்டு, ஹப்பைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால் சூ உரசுகிறது, பிறேக்கின் சரிசெய்யும் நட்டை அரைச் சுற்றுத் தளர்த்துங்கள்.