ஹெலிகாப்டர் விமானியின் இடுப்புவலிக்குத் தலையணை உதவுமா?

கேள்வி: என் கணவர் ராணுவ ஹெலிகாப்டர் விமானி, வயது 34. ஒரு வருடமாக, பறந்துவிட்டு வந்தாலே இடுப்பு வலி. இரவுப் பயிற்சி இருந்தால் கழுத்தும் சேர்ந்துகொள்கிறது. டாக்டரிடம் சொன்னால் பறக்க விடமாட்டார்கள் என்று மறைக்கிறார். இருக்கையில் போட இலவம்பஞ்சுத் தலையணை தைத்துக் கொடுக்கட்டுமா? விடுமுறைக்கு நாகர்கோவில் வரும்போது வர்ம ஆசானிடம் கழுத்தை நெட்டி எடுக்கலாமா?

பதில்: தலையணை வேண்டாம். பல ராணுவ ஹெலிகாப்டர்களில் விமானியின் இருக்கை, வேகமாகத் தரையில் மோதினால் தானே கீழே இறங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும்படி செய்யப்பட்டது. மெத்தென்ற பஞ்சு அதன்மேல் இருந்தால், மோதும்போது முதலில் பஞ்சு நசுங்கும். அதற்குள் உடல் வேகமாகக் கீழே போய்க் கெட்டியான இருக்கையில் இடிக்கும். முதுகெலும்பு முறியும் வாய்ப்பு அதனால் கூடும். இடுப்பு வளைவுக்கு முட்டுக் கொடுக்கும் பட்டை உதவும்தான். ஆனால் அது அந்த ஹெலிகாப்டருக்கு அனுமதிக்கப்பட்டதாக, யூனிட் வழியாக வந்ததாக இருக்கவேண்டும்.

நெட்டி எடுப்பதும் வேண்டாம். கழுத்தைச் சடக்கென்று திருப்பும்போது மூளைக்குப் போகும் ரத்தக்குழாயின் உள்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் உண்டு. அரிதுதான், ஆனாலும் விமானி அந்த அபாயத்தில் இறங்கக் காரணமே இல்லை. எண்ணெய் தேய்த்து மிதமாகப் பிடித்துவிடுவதில் தப்பில்லை; அன்றைக்குச் சுகமாக இருக்கும், அவ்வளவுதான்.

சரி, வலி எங்கிருந்து வருகிறது? அவர் உட்காரும் விதத்தைப் பாருங்கள். இடது கை, தொடைக்குப் பக்கத்தில் தாழ்வாக இருக்கும் நெம்புகோலில். வலது கை, கால்களுக்கு நடுவே இருக்கும் குச்சியில். கை ஆடாமலிருக்க முன்கையைத் தொடையில் ஊன்றிக்கொள்வார்கள். இரண்டு கால்களும் பெடலில். எதையும் நினைத்தபோது எடுக்க முடியாது. ஆக, முதுகு முன்னால் கூனி, இடப்பக்கம் லேசாகத் திருகியபடி மணிக்கணக்கில் இருக்கிறது. போதாததற்கு அதிர்வு. ஆனால் பழியை முழுவதும் அதிர்வின்மேல் போட முடியாது. 1980களில் அமெரிக்க ராணுவ ஆய்வாளர்கள் விமானிகளை ஹெலிகாப்டரில் இருப்பதுபோலவே செய்த இருக்கையில் உட்காரவைத்து, அதிர்வோடும் அதிர்வில்லாமலும் பார்த்தார்கள். இரண்டிலும் வலி ஒரே மாதிரிதான் வந்தது. உட்காரும் விதம்தான் பெரிய குற்றவாளி என்பது என் எண்ணமும்.

கழுத்துவலி இரவில் கூடுவதற்குக் காரணம், இருட்டில் பார்க்க மாட்டிக்கொள்ளும் நைட் விஷன் கண்ணாடி. ஹெல்மெட்டின் முன்பக்கம் அரைக் கிலோவுக்குக் குறையாமல் தொங்கும் அது தலையை முன்னால் இழுக்கிறது. சமன் செய்யப் பின்னால் ஓர் எடையை மாட்டுவார்கள். இழுப்பு குறையும், ஆனால் கழுத்து தாங்கவேண்டிய மொத்தப் பாரம் ஏறிவிடும். இன்னொரு தொல்லை: அந்தக் கண்ணாடியில் 40 டிகிரி அளவுக்குத்தான் தெரியும். கண்ணால் ஓரமாகப் பார்க்க வழியில்லாததால், அத்தனை பாரத்தோடு தலையையே திருப்பித் திருப்பிப் பார்க்கவேண்டும். (போர் விமானிகள் பாடு வேறு. 8 ஜி, அதாவது புவியீர்ப்பைப்போல் எட்டு மடங்கு விசை அழுத்தும் திருப்பத்தில், ஹெல்மெட்டோடு 6 கிலோ இருக்கும் தலை 48 கிலோ கனக்கும்.)

அதனால் ஓய்வு மட்டும் போதாது. வலி தணிந்து மறுபடி அதே இருக்கைக்குத்தானே போகிறார்? தசைகளை அந்த வேலைக்குத் தயார் செய்யவேண்டும். மல்லாந்து படுத்து, தலையைத் தூக்காமல் மோவாயை மட்டும் தொண்டைப் பக்கம் மெல்ல இழுத்து 10 நொடி நிறுத்துவது. இப்படிப் பத்து முறை. உள்ளங்கையால் நெற்றியை, பக்கவாட்டை, பின்தலையை அழுத்தி, தலை அசையாமல் எதிர்த்துத் தள்ளுவது. இடுப்புக்குப் பக்கவாட்டுப் பிளாங்க்: ஒருக்களித்துப் படுத்து, முன்கையை ஊன்றி, உடம்பை நேராகத் தூக்கி நிறுத்துவது. வாரம் மூன்று நாளாவது, மாதக்கணக்கில் செய்யவேண்டும். பிசியோதெரபிஸ்ட் ஒருமுறை பார்த்துச் சரிசெய்துவிட்டால் நல்லது. ஜிம்முக்குப் போகிறவர்கள் பலரும் நெஞ்சையும் கையையும் வளர்ப்பார்கள், கழுத்தை மறந்துவிடுவார்கள். அப்புறம், பறப்பதற்கு முன் பெடலையும் இருக்கை உயரத்தையும் தன் உடம்புக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள்.

மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய தசைதளர்த்தி மாத்திரையைப் போட்டுக்கொண்டு பறக்கவே கூடாது. பல மாத்திரைகள் தூக்கத்தைத் தரும்.

டாக்டரிடம் சொல்ல அவர் பயப்படுவது புரிகிறது. தற்காலிகமாகப் பறப்பதை நிறுத்தலாம்தான். ஆனால் இறங்கியபின் ஓரிரு நாளில் அடங்கும் வலியை இப்போதே சொன்னால், இருக்கை சரிசெய்வது, உடற்பயிற்சி, சில வாரம் இரவுப் பறத்தலைக் குறைப்பது என்று முடிய நல்ல வாய்ப்பு உண்டு. மறைத்து மறைத்து நரம்பு நசுங்கும் அளவுக்குப் போனால் மாதக்கணக்கில் தரைதான். ஸ்கேனில் டிஸ்க் தேய்மானம் என்று எழுதியிருந்தால் அதற்காகவே கலங்கவேண்டாம். வலியே இல்லாத முப்பது வயதுக்காரர்களிலும் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது தெரியும். எத்தனை மணி பறந்தார், கண்ணாடி மாட்டினாரா, வலி எப்போது தொடங்கி எப்போது அடங்கியது என்று ஒரு மாதம் குறித்துக்கொண்டு போனால் டாக்டருக்கு வேலை சுலபம்.

சில அறிகுறிகளுக்கு இந்த ஒரு மாதமும் காத்திருக்கக்கூடாது. கையோ காலோ மரத்துப்போவது, பிடி தளர்வது, படுத்தாலும் குறையாத வலி, காய்ச்சலோடு வரும் முதுகுவலி இருந்தால் அன்றே டாக்டரைப் பார்க்கவேண்டும். சிறுநீர், மலம் கட்டுப்பாடு தவறினாலோ, தொடையிடுக்கில் உணர்ச்சி குறைந்தாலோ நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.