மடை திறந்தாச்சு, நான் மட்டும் திண்ணையில்

ஆலோசகர் அவர்களுக்கு வணக்கம். வயது 66. நீடாமங்கலம் பக்கம் கிராமம். முழங்கால் தேய்மானம் என்று தெரிந்ததும் பிள்ளைகள் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டார்கள். இரண்டு வருஷமாகக் காலையில் பேப்பர், அப்புறம் டிவி, சாப்பிட்டதும் மூன்று மணி நேரத் தூக்கம். ராத்திரி விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறேன். சாப்பாடு இறங்கவில்லை. ரத்தம், ஈசிஜி எல்லாம் பார்த்தாச்சு, கோளாறில்லை என்கிறார்கள். வாய்க்காலில் தண்ணீர் வந்தாலே வயிற்றைப் பிசைகிறது. மனைவியிடம் எரிந்து விழுகிறேன். அவளோ விடிந்ததிலிருந்து மாடு, அடுப்பு, பேரன் என்று அலைகிறாள். எனக்கு என்ன வியாதி?

ஐயா,

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், ஓய்வு மிஞ்சிப்போயிருக்கிறது. வேலை, விளையாட்டு, ஓய்வு, தூக்கம் நான்கும் தாளத்தோடு ஓட வேண்டும் என்று மனநல மருத்துவர் அடால்ஃப் மேயர் 1922-இல் எழுதினார். அன்றாட வேலைகள் வழியாகவே உடம்பையும் மனசையும் தேற்றும் ஆக்குபேஷனல் தெரபிக்கு அது ஓர் அடிப்படை. நான்குக்கும் சம நேரம் என்பதல்ல கணக்கு. பகலிலேயே தூங்கித் தீர்த்தால் இரவுக்கு மிச்சமிருக்காது. அசையாத உடம்புக்குப் பசி எடுக்காது. தொடைத் தசை மெலிய, முழங்கால் வலியும் கூடும்.

முதல் வாரம் எதையும் மாற்ற வேண்டாம். ஒரு நோட்டில் மணிக்கு மணி செய்ததை எழுதி, மனசு எவ்வளவு ஒட்டியது, எவ்வளவு களைப்பு என்று பத்துக்கு மார்க் போடுங்கள். உங்கள் வீட்டம்மாவும் தனியாக எழுதட்டும். இரண்டு நோட்டையும் பக்கத்தில் வைத்தால், ஒரே வீட்டில் ஒருவருக்கு வேலையே இல்லை, இன்னொருவருக்கு உட்காரவே நேரமில்லை என்பது தெரியும்.

பிறகு தூக்கம். இரவு எப்படிப் போனாலும் 5.30-க்கு எழுந்து அரைமணி வெளிச்சத்தில் இருங்கள். பகல் தூக்கம் அலாரம் வைத்து 20 நிமிஷம், அதுவும் மூன்று மணிக்குள். இரவில் தூக்கம் வராவிட்டால் புரளாமல் எழுந்து உட்காருங்கள், டிவி வேண்டாம்.

நீங்கள் இழந்தது உடலுழைப்பை மட்டுமல்ல, பார்த்து முடிவு சொல்லும் இடத்தையும்தான். சம்பாவுக்கு நாற்று விடும்போது விதை நேர்த்தியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தண்ணீரில் முட்டையைப் போட்டு, அது மிதந்து நாலணாக் காசு அளவு வெளியே தெரியும்வரை உப்பைக் கரைத்து, முட்டையை எடுத்துவிட்டு விதையைக் கொட்டி, மிதக்கும் பதரைக் கழித்து, விதையை இரண்டு மூன்று தண்ணீரில் அலசுவது நாற்காலி வேலைதான். வாரம் இருமுறை வரப்புக்குப் போங்கள், கையில் தடியோடு. முதல் வாரம் 10 நிமிஷம், வாரத்துக்கு 5 கூட்டலாம். சேற்றில் இறங்குவதும் குத்துக்காலிடுவதும் கூடாது. பலர் சறுக்குவது இங்கேதான்: கால் லேசாக இருக்கிற நாளில் வயலையே சுற்றிவிட்டு மூன்று நாள் படுப்பார்கள். வலித்தால் நிறுத்தலாம் என்றிருக்காதீர்கள், கடிகாரம் பார்த்து நிறுத்துங்கள்.

வீட்டில் ஒரு வேலையை முழுசாக எடுங்கள், பேரனை வேன் ஏற்றி இறக்குவது மாதிரி. “சொன்னா செய்றேன்” என்பது சேராது. நினைவு வைக்கும் பாரம் அம்மாவிடமே நிற்கும். மிச்சமாகும் நேரத்தில் என்ன செய்வதென்று அவர்களே முடிவு செய்யட்டும். பிள்ளைகளை அடுத்த முறை டாக்டரிடம் கூட்டிப்போய், எதற்குத் தடை, எதற்கு இல்லை என்று அவர் வாயாலேயே கேட்க வையுங்கள்.

இரண்டு வாரத்தில் தூக்கமும் பசியும் அசையாவிட்டால் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போங்கள். “இருந்து என்ன” என்று ஒருமுறை தோன்றினாலும் காத்திருக்க வேண்டாம். அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் எண் 14416, இரவு இரண்டு மணிக்கும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.