பூஞ்சைக்கு இயற்கை மருந்து: தட்டில் செத்தால் போதுமா?

மருந்துக்கு அடங்காத பூஞ்சைத் தொற்றுகளைப் பற்றி நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். நான் பூஞ்சை ஆய்வகத்தில் வேலை செய்பவன், மருத்துவர் இல்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

பாக்டீரியாவுக்கு அத்தனை ஆன்டிபயாடிக் இருக்கிறதே, பூஞ்சைக்கு மட்டும் ஏன் மருந்துப் பஞ்சம்?

பூஞ்சை நமக்கு நெருங்கிய சொந்தம், அதுதான் தொல்லை. அதன் செல்லிலும் உட்கரு, மைட்டோகாண்ட்ரியா எல்லாம் உண்டு. அதைக் கொல்லும் பொருள் பெரும்பாலும் நம்மையும் கடிக்கும். முக்கியமான வித்தியாசம் இரண்டு: செல்சவ்வில் நமக்குக் கொலஸ்ட்ரால், அதற்கு எர்கோஸ்டெரால், அப்புறம், நமக்கு இல்லாத செல்சுவர். இருக்கிற மருந்துகளில் பெரும்பாலானவை இந்த இரண்டைத்தான் சுற்றி வருகின்றன. 2009இல் ஜப்பானில் ஒருவரின் காதில் கண்டெடுத்த கேண்டிடா ஆரிஸ் என்ற பூஞ்சையில், மூன்று முக்கிய மருந்து வகைகளுக்குமே அடங்காத ரகங்கள் வந்துவிட்டன.

மஞ்சள், பூண்டு, கிராம்பு எல்லாம் பூஞ்சையைக் கொல்லும் என்று ஆய்வுகள் சொல்கின்றனவே?

ஆய்வகத்தின் சோதனைத் தட்டில் கொல்லும். அந்தத் தட்டைக் கொஞ்சம் பார்ப்போம். 96 குழிகள். குழிக்குக் குழி மருந்தைப் பாதிப்பாதியாகக் குறைத்துக்கொண்டே போய், எல்லாவற்றிலும் ஒரே அளவு பூஞ்சையை விட்டு, 35 டிகிரியில் ஒரு நாள் வைப்போம். கலங்கினால் வளர்ந்திருக்கிறது, தெளிவாக இருந்தால் வளரவில்லை. பல கட்டுரைகள் இந்த இடத்திலேயே கைதட்டிவிட்டுக் கிளம்பிவிடும். தெளிந்த குழியிலிருந்து ஒரு சொட்டை எடுத்து, மருந்தில்லாத புதுத் தட்டில் விட்டுப் பாருங்கள். மறுநாளே வெண்புள்ளிகள் முளைப்பது சகஜம். பூஞ்சை சாகவில்லை, அடங்கிக் கிடந்திருக்கிறது.

அடுத்தது அளவு. மருந்துக்கு அடங்கக்கூடிய கேண்டிடாவுக்கு, ஃப்ளுகோனசோல் என்ற வழக்கமான பூஞ்சை மருந்து மில்லிலிட்டருக்கு ஒரு மைக்ரோகிராமே போதும். செடிப் பொருள்கள் பலவற்றுக்கு நூற்றுக்கணக்கில் வேண்டும். மஞ்சளின் குர்குமினைக் கிராம் கணக்கில் விழுங்கினாலும் ரத்தத்தில் நானோகிராம் கணக்கில்தான் தேறும். போதாததற்கு அது தானே ஒளிரும், கண்ட புரதத்தோடும் ஒட்டும், சோதனையையே குழப்பும். குர்குமின் கட்டுரை என்றாலே நான் முதலில் தேடுவது, இதையெல்லாம் சரிபார்த்தார்களா என்பதைத்தான்.

அப்படியானால் இயற்கையிலிருந்து மருந்தே வராதா?

ஏற்கெனவே வந்தவைதான் நம்மைக் காப்பாற்றிக்கொண்டிருக்கின்றன! ஆம்போடெரிசின் பி, வெனிசுவேலாவின் ஒரினோகோ ஆற்றுப் பகுதி மண்ணில் இருந்த ஸ்ட்ரெப்டோமைசிஸ் பாக்டீரியா தந்தது. 2001இல் வந்த காஸ்போஃபஞ்சின், ஒரு பூஞ்சை தயாரித்த பொருளைத் திருத்திச் செய்தது. பூஞ்சையோடு இடத்துக்கும் இரைக்கும் அன்றாடம் மல்லுக்கட்டும் நுண்ணுயிர்களிடம்தான் சரக்கு அதிகம் என்பது என் கணிப்பு.

2020இல் டர்பின்மைசின் என்ற புதுப் பொருளைப் பற்றிய ஆய்வு வெளியானது. கடலில் ஒட்டி வாழும் சிறு விலங்கு ஒன்றின் உடலில் குடியிருந்த பாக்டீரியாவிலிருந்து எடுத்தது. பூஞ்சைச் செல்லுக்குள் சரக்குப் போக்குவரத்துக்குத் தேவையான ஒரு புரதத்தை முடக்குகிறது, அதாவது மேலே சொன்ன இரண்டு இலக்குகளையும் தொடுவதில்லை. 2025இல் மண்டிமைசின் பற்றிய ஆய்வு, இது எர்கோஸ்டெராலை விட்டுவிட்டுச் சவ்வின் பாஸ்போலிப்பிடு என்ற கொழுப்புகளைப் பிடிக்கிறது. இரண்டுமே எலிகளில் வேலை செய்தன. ஆனால் எலியில் ஜெயித்து மனிதரில் தோற்றவை ஏராளம்.

செடிகளுக்கு வேலையே இல்லையா?

துணை மருந்தாக இருக்கலாம். ஃப்ளுகோனசோலுக்கு அடங்காத கேண்டிடா மீது பெர்பெரின் என்ற செடிப் பொருளையும் சேர்த்துக் கொடுத்தால், ஆய்வகத்தில் பழைய மருந்து மறுபடி வேலை செய்கிறது. நோயாளிகளிடம் நிரூபிக்க வேண்டியது பாக்கி.

இயற்கைப் பொருள் என்றால் பக்கவிளைவும் இருக்காது, எதிர்ப்பும் வராதுதானே?

இரண்டும் வரும். ஆம்போடெரிசின் சிறுநீரகத்தைப் பதம் பார்ப்பதில் பேர்போனது. காஸ்போஃபஞ்சினிடமிருந்து தப்பிக்க, கேண்டிடாவுக்கு ஒரே மரபணுவில் சிறு மாற்றம் போதும்.

படர்தாமரை போய்ப் போய்த் திரும்புகிறது. டீ ட்ரீ எண்ணெய் தடவலாமா?

அதை நம்பி நாளைக் கடத்தாதீர்கள். எரிச்சலும் ஒவ்வாமையும் வரலாம், விழுங்கினால் விஷம். டெர்பினாஃபின் என்ற பூஞ்சை மருந்துக்கு அடங்காத ட்ரைக்கோஃபைட்டான், அதாவது படர்தாமரை தரும் பூஞ்சை, இப்போது பல நாடுகளில் பரவுகிறது. தோல் மருத்துவரிடம் காட்டி, செதிலைச் சுரண்டி வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். ஸ்டீராய்டு கலந்த களிம்பு கையில் இருந்தால் நீங்களாகத் தடவ வேண்டாம்; அரிப்பு அடங்கும், பூஞ்சை பரவும்.